மச்சான் என்று அழைத்த பிறகு: மட்டக்களப்பில் கூட்டாளிகளோடு கதைக்கப் பழகுவது எப்படி?

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது. கல்லடியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் உள்ள வீடு. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது; அந்த வளவு அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தது. இடமாற்றத்தில் வருகிறவர்களும் படிக்க வருகிறவர்களும் பல வருடங்களாக அந்த அறையில் தங்கிப் போகிறார்கள். வங்கி வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பக்கத்திலுள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படிக்க ஹற்றனிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். ஏதோ ஓர் ஆய்வுக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்து எட்டு மாதம் இருந்தார். மூன்று பேருக்கும் தமிழ் தாய்மொழி. ஆனாலும் மூன்று பேரும் முதல் மாதம் முடியும்போது ஏறக்குறைய ஒரே குறையோடு என் குசினி வாசலில் வந்து நின்றார்கள். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள், சாப்பாடு தருகிறார்கள், வழி காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்குள் சிரித்துக் கதைக்கும்போது நாங்கள் வேலிக்கு வெளியே நிற்கிறோம் என்பதுதான் அந்தக் குறை.

அந்த வேலியில் கடப்பு, அதாவது உள்ளே போகும் வாசல், எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்புக்கோ, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று அம்பாறைக் கரையோரத்துக்கோ புதிதாக வந்து ஒரு வருடமாவது இருக்கப் போகிறவர்களுக்கு இது பயன்படும். இரண்டு நாள் வந்து பாசிக்குடாவில் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தேவைப்படாது.

முதலில் சொற்கள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொற்களைப் பழக இரண்டு வாரம் போதும்.

கதைத்தல் என்பதுதான் இங்கே பேச்சு. பேசுதல் என்றால் ஏசுதல். "நேற்று அவர் எனக்குப் பேசிவிட்டார்" என்று ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னால் அவன் திட்டு வாங்கியிருக்கிறான் என்று பொருள். தஞ்சாவூர்க்காரர் வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரரிடம், "உங்கள் மனைவியிடம் காலையில் கொஞ்சம் பேசினேன்" என்று சொல்லிவிட்டார். மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் விசாரிக்க வந்தார். 'ஓம்' என்றால் ஆமாம். 'ஏலாது' என்றால் முடியாது. உடம்புக்கு ஏலாது என்றால் சுகமில்லை. 'காணும்' என்றால் போதும். சோறு பரிமாறும்போது இந்தச் சொல்லைக் கேட்டு, எதைக் காணோம் என்று இலையைச் சுற்றித் தேடியவரும் அந்தத் தஞ்சாவூர்க்காரர்தான். நண்பனுக்குக் கூட்டாளி என்று பெயர். இதில் வியாபாரம் எதுவும் இல்லை. நகைச்சுவைக்குப் பகிடி. 'விசர்' என்பது பைத்தியம். கூட்டாளிகளுக்குள் அது அன்பின் அளவுகோல் என்பதால் பின்னால் மறுபடியும் வரும்.

இந்த மண்ணுக்கே உரிய சொல் 'மறுகா'. பிறகு, அடுத்ததாக, திரும்பவும் என்று பல வேலைகளைத் தனி ஆளாகச் செய்யும். கதை சொல்லுகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் போட்டு மூச்சு வாங்குவார். யாழ்ப்பாணத் தம்பி ஒரு பின்னேரம் முழுவதும் தேநீர்க் கடையில் இருந்து கேட்டுவிட்டு வந்து, "யார் அக்கா இந்த மறுகா? கதையில் எல்லா இடத்திலும் அவதான் வருகிறா" என்று கேட்டார். பெண்களின் பேச்சில் வாக்கியத்தின் வாலில் ஒரு 'கா' ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கா தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள். அந்தக் 'கா' விழுந்தால் பேச்சு இளகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்களாக அதை ஒட்டிப் பார்க்க வேண்டாம். இடம் பிசகினால் நாடகத்தில் வேடம் கட்டியது போலிருக்கும்.

இங்குள்ள பேச்சு கொச்சையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சுத் தமிழ் வகைகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமாக நிற்பது மட்டக்களப்புப் பேச்சுத்தான் என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் எழுதியிருக்கிறார். இதை எங்கள் ஊர்க்காரர்கள் உங்களிடம் எப்படியும் சொல்லுவார்கள். முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருந்து கேட்க ஓர் இடம்

கூட்டாளிகளின் பேச்சு வீட்டு விறாந்தையில் அரைவாசிதான் நடக்கும். அங்கே அப்பா இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். மீதி நடப்பது மதகில், தேநீர்க் கடையில், காந்தி பூங்காவின் வாவிக்கரைக் கட்டில், பந்தாட்டம் முடிந்த மைதானத்தின் ஓரத்தில், அறுவடைக் காலத்தில் வட்டைக்குள் போட்ட வாடியில். வட்டை என்று இங்கே சொல்லுவது வயல்வெளியை. பெண்களுக்கு இடங்கள் வேறு. கோவிலின் வெளிவீதி, பிள்ளையை ரியூசனுக்கு விட்டுவிட்டுக் காத்து நிற்கும் வாசல், முன்னிரவில் மின்சாரம் போன படிக்கட்டு.

முதல் ஒரு மாதம் இந்த இடங்களில் ஒன்றில் ஒழுங்காகப் போய் இருங்கள். வாய் திறக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், ஒரே நேரத்துக்குப் போக வேண்டும். நாள்தோறும் கடை மாற்றுகிறவனை ஊர் விருந்தாளியாகவே வைத்திருக்கும். "மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்ற பழமொழியை நீங்கள் வருவதற்கு முன்பே கேட்டிருப்பீர்கள். ஒட்டுவதற்கு நீங்களும் பாயில் உட்கார வேண்டும் அல்லவா?

உங்களுக்கு என்ன முறை கிடைத்திருக்கிறது?

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இந்தப் பக்கத்தில் நட்பு உறவுமுறைக்குள் நுழைந்துதான் நடமாடும். ஆளுக்கு ஒரு முறை விழுந்த பிறகுதான் யார் யாரோடு எவ்வளவு தூரம் பகிடி விடலாம் என்பது முடிவாகும். வெளியூர்க்காரர்கள் சொற்களைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள். பார்க்க வேண்டியது முறையை.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். இங்கே குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வரும். வீடு மகளுக்குப் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பான். கரையோர முஸ்லிம் ஊர்களிலும் இதே வழக்கம்தான். ஆகவே எங்கள் ஒழுங்கையை எடுத்துக்கொண்டால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் அதிகம் பேர் பெண்கள். ஆண்களில் பெரும்பாலானோர் ஒருகாலத்தில் கையில் ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள். என் கணவரும் அப்படித்தான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வந்தவர், முதல் ஒரு வருடம் என் சகோதரர்களிடமும் ஒழுங்கை ஆண்களிடமும் பட்ட பகிடிக்கு அளவில்லை. அவர் சோறு தின்னும் வேகம், அவர் சைக்கிளின் சத்தம், அவருடைய ஊரில் மின்சாரம் எப்போது வந்தது என்ற விசாரணை, எதையும் விட்டுவைக்கவில்லை. அப்படி நெருக்கியவர்கள் எல்லோரும் அவருக்கு மச்சான் முறை. புதிய ஆணைச் சேர்த்துக்கொள்வதற்கு இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. வாடகை அறைக்கு வந்த உங்களுக்கும் அதே வழிதான் திறக்கும்.

மச்சான் என்பவர் யார்? மாமன் மாமியின் மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பக்கத்தைச் சேர்ந்தவர். சில வீடுகளில் மனைவி கணவனை அழைப்பதும் மச்சான் என்றுதான். அந்த முறைக்காரரோடு கேலி பேசலாம், ஏசலாம், தோளில் அடிக்கலாம், அவரும் திருப்பித் தருவார். அண்ணன் தம்பி முறை அப்படியல்ல. அங்கே பாசம் உண்டு, உதவி உண்டு, ஓர் அடி இடைவெளியும் உண்டு. தம்பி அண்ணனின் காதல் விவகாரத்தைச் சந்தியில் வைத்துச் சிரிக்க முடியாது. மச்சான் சிரிக்கலாம். சிரிக்காவிட்டால்தான் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் நிலையைக் கணித்துப் பாருங்கள். உங்களை 'சேர்' என்கிறார்களா? நீங்கள் இன்னும் கந்தோர் மேசைக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 'அண்ணன்' என்கிறார்களா? மரியாதை கிடைத்துவிட்டது, பகிடி போய்விட்டது. வயது கூடியவர் என்றால் அதிலேயே திருப்தியடையுங்கள். 'தம்பி' என்றால் பாதுகாப்பில் இருக்கிறீர்கள். அறிவுரை வரும், பெரிய இரகசியம் வராது. ஒத்த வயதுக்காரன் ஒருவன் ஒருநாள் தன்னை மறந்து 'மச்சான்' என்றால் கடப்பைக் கடந்துவிட்டீர்கள்.

யாழ்ப்பாணத் தம்பிக்கு அது நடக்க ஐந்து மாதம் எடுத்தது. அதுவரை தேநீர்க் கடைப் பொடியன்மார் அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் மாலை வாவியில் வீச்சுவலை எறியப் பழக்குகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வலையை வீச, வலை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சேற்றில் போட்டது. இடுப்புவரை சேறு, தலையில் சாதாழை. கரையில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து இருமினார்கள். ஒருவன் கை கொடுத்துத் தூக்கும்போது, "எழும்பு மச்சான், இறால் ஒன்று பிடிபட்டிருக்கிறது" என்றான். அன்றிலிருந்து அவர் இறால். இன்றைக்கும் அவருடைய பெயர் அந்தக் கடையில் அதுதான்.

நீங்களாக முந்திக்கொண்டு மச்சான் என்று அழைக்கலாமா? இலங்கை முழுவதும் ஆண்கள் அப்படி அழைத்துக்கொள்கிறார்கள். சிங்களத்திலும் 'மச்சங்' என்று அது ஓடித் திரிகிறது. அம்பாறை நகரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் உங்களை அப்படிக் கூப்பிடக்கூடும். அந்த மச்சங் வேறு, அது வெறும் பொதுவான அழைப்பு. ஊருக்குள் கூட்டாளிகளிடம் இந்தச் சொல்லின் உள்ளே பழைய முறை உயிரோடு இருக்கிறது. பொறுத்திருங்கள், அவர்கள் தரட்டும்.

இங்கே ஒரு கணக்கு உதைக்கும். கூட்டாளி உங்களுக்கு மச்சான் என்றால் அவனுடைய தங்கை முறைப்படி மச்சி. மச்சி என்றால் கலியாணம் முடிக்கக்கூடிய முறை. ஆகவே அவன் வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டாம். மச்சானின் தங்கை உங்களுக்கும் தங்கச்சிதான், அக்கா அக்காதான். இலக்கணம் பிழை, வீடு அமைதி. கூட்டாளியின் தாயை மாமி என்று அழைப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. அந்த வீட்டில் திருமண வயதில் ஒரு பெண் இருந்தால் 'மாமி' என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒருமுறை தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். 'அம்மா' என்பது எங்கும் பொருந்தும்.

பெண்கள் தங்களுக்குள் மச்சி என்று அழைத்துக்கொள்வது தாராளமாக நடக்கும். 'பிள்ளை' என்பதும் அப்படித்தான். அறுபது வயதுக் கூட்டாளியும் எனக்குப் பிள்ளைதான், நான் அவளுக்குப் பிள்ளைதான். ஹற்றன் பிள்ளை இதைக் கேட்டு, "உங்கள் வகுப்பில் படித்தவ எப்படி உங்களைப் பிள்ளை என்று சொல்லலாம்?" என்று கேட்டாள். ஆறு மாதம் கழித்து அவளே தன் தோழியைப் படலையில் நின்று அப்படிக் கூப்பிட்டாள். நான் உள்ளே இருந்து கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

'நீ'யும் 'நீங்க'ளும்

முறை விழுந்த பிறகு 'நீ' தானாக வரும். யாழ்ப்பாணத்தில் நடுவில் நிற்கும் 'நீர்' இங்கே கூட்டாளிகளுக்குள் என் காதில் குறைவாகத்தான் விழுகிறது. 'நீங்க'ளிலிருந்து நேரே 'நீ'க்குக் குதிப்பார்கள்.

கவனிக்க வேண்டியது, கிடைத்த 'நீ' எல்லா இடத்துக்கும் செல்லுபடியாகாது. கந்தோரில் மற்றவர்கள் முன்னால் அவர் 'நீங்கள்'. அவருடைய பிள்ளைகள் முன்னால் 'டேய்' கூடவே கூடாது. அவருடைய மாமனார் வீட்டு விறாந்தையில் பட்டப்பெயர் கூடாது. வீட்டு வாசலில் வந்து நின்று, "இறால் இருக்கிறாரா?" என்று என்னிடமே ஒருவன் கேட்டான். "சந்தையில் பார்" என்று அனுப்பிவிட்டேன். பாவம், அவன் மெய்யாகவே போய்விட்டான்.

ஆணும் பெண்ணும் கூட்டாளிகளாக இருந்தால், பொது இடத்தில் பெயரும் 'நீங்க'ளும் நல்லது. தனியே என்ன கதைக்கிறீர்கள் என்பது உங்கள் விஷயம். ஊர் சிறியது, வேலிகள் அதைவிடச் சிறியவை.

பகிடிக்கு வாயால் வரி கட்டுதல்

உங்களைப் பகிடி செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்றால் சந்தோஷப்படுங்கள். பிறகு பதில் சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தப் பதிலில்தான். ஒன்று, முகம் சிவந்து விளக்கம் கொடுக்கத் தொடங்குவார்கள். அல்லது அவமானப்பட்டதுபோல் சிரித்துவிட்டு மௌனமாகிவிடுவார்கள். இரண்டும் ஆட்டத்தை நிறுத்திவிடும். பந்து உங்கள் பக்கம் வந்திருக்கிறது. வந்த பக்கமே அடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறீர்கள். "என்ன, யாருக்குக் கலியாணம்?" என்று கேட்கிறார்கள். "இல்லை, இது தள்ளுபடியில் வாங்கியது" என்பது விளக்கம். அது பதிலாகாது. "உனக்குத்தான் பெண் பார்க்கப் போகிறேன், உன்னைக் கூட்டிப் போனால் காரியம் கெட்டுவிடும் என்று நானே போகிறேன்" என்றால் ஆட்டம் தொடரும். பதில் கெட்டித்தனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உடனே இருக்க வேண்டும், சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். "உனக்கு விசரா?" என்று யாராவது கேட்டால் "இந்த ஊர்த் தண்ணீர் குடித்த பிறகுதான்" என்று சொல்லிப் பாருங்கள். தேநீர் அவர்கள் கணக்கில் போகும்.

இது எங்கள் மண்ணில் நேற்று முளைத்த பழக்கம் அல்ல. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்பு விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து கொம்பை இழுப்பார்கள். ஒரு சேரி மற்றச் சேரியை வசைபாடும். ஏச்சைப் பாட்டாகக் கட்டி முகத்துக்கு நேரே பாடுவார்கள். விளையாட்டு முடிந்தால் எல்லோரும் ஒரே கோவில் வாசலில்தான். நாட்டார் கவிகளிலும் மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் இடித்துப் பாடுவது நிறைய உண்டு. ஏச்சுக்கு ஓர் எல்லையும் ஒரு நேரமும் போட்டு வைத்துவிட்டு அதற்குள் மனம்போல விளையாடுவதில் எங்கள் ஆட்களுக்கு நீண்ட பயிற்சி இருக்கிறது.

ஒரு சோதனையும் வைப்பார்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீனைக் கேட்கச் சொல்லுவார்கள். தோணியில் ஏற்றித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைக்கச் சொல்லுவதும் உண்டு. தஞ்சாவூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, வீணை மாதிரி கேட்கிறது" என்றார். கூட இருந்த நான்கு பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் அதைக் கேட்டவரில்லை. சரியான பதில் எது என்று கேட்காதீர்கள். நான் கேள்விப்பட்டதில் நல்ல பதில் ஹற்றன் பிள்ளையுடையது. துடுப்பைக் காதில் வைத்துக்கொண்டு, "வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பாடுகிறது" என்றாள். நானும் அந்தத் தோணியில் இருந்தேன்.

கேட்கக் கூடாதவை, கேட்டால் பேசாமல் இருக்க வேண்டியவை

பகிடிக்கு வெளியே நிற்பவை சில உண்டு. சாதி, குடி, மதம், ஒருவருடைய பிள்ளையில்லாமை, தீராத கடன். இவற்றைப் பற்றி கூட்டாளிகளே தங்களுக்குள் ஏதாவது சொல்லிச் சிரிக்கக்கூடும். நீங்கள் சேர்ந்து சிரிக்கத் தேவையில்லை. அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லவே கூடாது. அவர்கள் வாயில் பகிடியாக இருப்பது உங்கள் வாயில் ஏச்சாகும்.

இன்னொன்று, இங்கே வந்து முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் பிழை. "உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்?" என்ற கேள்வி. மற்ற ஊர்களில் அது சாதாரணக் கேள்வி. இங்கே பதில் சொல்ல வேண்டியவர் ஒரு கணம் உள்ளே எண்ணிப் பார்ப்பார். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று. யுத்த காலத்தில் காணாமற்போன அண்ணனை எண்ணுவதா? 2004 டிசம்பர் 26 காலையில் கடல் கொண்டுபோன தங்கையை எண்ணுவதா? எங்கள் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோவிலின் கோபுரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றியிருந்த வீடுகளில் இருந்தவர்கள்தான் இன்று உங்களோடு தேநீர் குடிக்கிறார்கள்.

கூட்டாளிகள் இவற்றைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள் என்றில்லை. கதைப்பார்கள், ஆனால் நேரம் அவர்கள் குறிப்பது. பெரும்பாலும் காலத்தைச் சொல்லும்போது தற்செயலாக விழும். "அது சூறாவளிக்கு முந்தி", "சுனாமிக்கு அடுத்த வருடம்" என்று. சூறாவளி என்றால் 1978 நவம்பரில் அடித்தது. வயதானவர்களுக்கு அதுதான் ஆண்டுக் கணக்கின் முளைக்கட்டை. அப்படி விழும்போது தோண்ட வேண்டாம். "அதற்குப் பிறகு?" என்று கேட்டால் போதும். சொல்ல விரும்பினால் சொல்லுவார், இல்லாவிட்டால் மீன் விலைக்குப் போய்விடுவார். நீங்களும் கூடவே மீன் விலைக்குப் போங்கள். ஆறுதல் வசனங்கள் எதையும் தயார் செய்து வைத்திருக்க வேண்டாம். என் கூட்டாளி ஒருத்தி தன் மகனைப் பற்றி முப்பது வருடத்தில் மூன்று தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், உரிப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த ஊர்க் கூட்டாளிகள்

கரையோரம் நெடுகப் போனால் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். ஆரையம்பதிக்குப் பக்கத்தில் காத்தான்குடி, காரைதீவுக்குப் பக்கத்தில் நிந்தவூர். பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று சொல்லுவது வழக்கம். அந்தப் பிட்டு சில காலங்களில் கருகியும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்த உவமையை நீங்கள் மேடைப் பேச்சுப்போல எடுத்துவிட வேண்டாம்.

முஸ்லிம் கூட்டாளியின் வீட்டில் உம்மா, வாப்பா. அக்காவுக்கு ராத்தா. அண்ணனுக்கு இடத்தைப் பொறுத்துக் காக்கா அல்லது நானா. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் 'காக்கா' என்றதும் கூரையைப் பார்ப்பார்கள். பறவை ஒன்றும் இல்லை, அண்ணன்தான் வருகிறார். மச்சான் என்பது இந்தப் பக்கமும் மச்சான்தான், பகிடிக் கணக்கும் அதேதான். அவர்கள் ஸலாம் சொன்னால் தெரிந்தவரை பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் சிரித்த முகத்தோடு "எப்படிச் சுகம்?" என்று கேட்டால் யாரும் குறை நினைப்பதில்லை. நோன்பு காலத்தில் பகல் நேரத்தில் கடைக்கு வா என்று கூப்பிடாமல் இருப்பது புத்தி. நோன்பு திறக்கும் நேரத்தில் உங்களையே கூப்பிடுவார்கள், கஞ்சி காத்திருக்கும்.

கேட்பதும் கொடுப்பதும்

கூட்டாளியிடம் உதவி கேட்க முன்னுரை தேவையில்லை. "உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை, ஆனால்" என்று தொடங்கினால் அவன் பயந்துவிடுவான். "சைக்கிளைத் தா, பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்பது சரியான விண்ணப்பம். காசு என்றால் கைமாற்று என்று சொல்லிக் கேட்க வேண்டும். அந்தச் சொல்லிலேயே வட்டியில்லை, சம்பளத்தன்று திரும்பி வரும் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்தன்று கொடுத்துவிடுங்கள். இதில் மட்டும் பகிடி கிடையாது.

நன்றி சொல்லாதீர்கள். சொன்னால், "என்ன, கணக்கு முடிக்கிறாயா?" என்று கேட்பார்கள். அடுத்த கிழமை தயிர்ச் சட்டி ஒன்றோடு போய் நின்றால் போதும். அதையும் எதற்கு என்று சொல்ல வேண்டாம்.

கோபம் வந்தால் இங்கே சத்தம் வராது, கதை நின்றுவிடும். கூட்டாளி உங்களைத் திடீரென்று பெயர் சொல்லி, 'நீங்கள்' போட்டுக் கதைத்தால் உள்ளே ஏதோ புண்பட்டிருக்கிறது. என்ன பிழை செய்தேன் என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். மூன்றாவது கூட்டாளி ஒருவரைப் பிடியுங்கள். அவர் போய் விசாரித்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் பொய் சேர்த்துச் சொல்லி, ஒரு மாலையில் இருவரையும் ஒரே மதகில் உட்காரவைப்பார். யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். யாராவது ஒருவர் மற்றவரை "விசரா" என்பார். அத்தோடு சரி.

எழும்பும்போது

'போகிறேன்' என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல் திரும்பி வராதவர்களுக்கு. "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். கூட்டாளிகளிடம் "வருகிறேன்" மட்டும் போதும். புதியவர்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் எழும்பிப் போகிறார் என்று.

சொன்ன உடனே போய்விடவும் முடியாது. விறாந்தையில் ஒரு தடவை, முற்றத்தில் ஒரு தடவை, கடப்படியில் ஒரு தடவை என்று மூன்று முறையாவது சொல்ல வேண்டியிருக்கும். முக்கியமான செய்தி எப்போதும் மூன்றாவதில்தான் வரும். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யார் வெளிநாடு போகப் போகிறார்கள், அந்தக் காணி என்ன ஆனது என்பதெல்லாம் இவ்வளவு நேரமும் கதிரையில் இருந்தபோது ஒருவர் வாயிலும் வந்திருக்காது. ஆகவே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு விடைபெற வேண்டாம். பெற்றோல் விற்கும் விலையில், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள்.